“பெல்லட் எடுக்கும் மாண்டரின்” என்று விற்கிறார்கள்: மிச்சப் பணம் கட்டுமுன் படியுங்கள்

மாண்டரின் என்ற சின்ன வண்ணக் கடல்மீனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், மீனை வீட்டுக்குக் கொண்டுவருமுன் இதைப் படித்துவிடுங்கள். கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரிப் புகார் திரும்பத் திரும்ப வருகிறது. கடையின் பெயர்தான் மாறுகிறது.

நடப்பது இதுதான். தொட்டி தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, நூறு லிட்டர் தண்ணீர் இருக்கும். வாங்குபவர் அதைச் சொல்லித்தான் கேட்கிறார். “தாராளமா வைக்கலாம் சார், இது பெல்லட் எடுக்குற பீஸ்” என்று பதில் வருகிறது. அதாவது, கடையில் விற்கும் உலர்ந்த உருண்டைத் தீனியைத் தின்னுமாம். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவும் வருகிறது. மீன் வீட்டுக்கு வந்து மணலையும் கல்லையும் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும், நிறமும் மங்காது. வாங்கியவரும் அது சாப்பிடுகிறது என்றே நம்புவார். நான்கு, ஐந்து வாரத்தில் ஒருநாள் காலையில் அது கல்லிடுக்கில் செத்துக் கிடக்கும். கடைக்குப் போன் போட்டால், “உங்க தண்ணி சரியில்ல சார்.” தண்ணீரில் குறை இருந்திருக்காது. மீன் பட்டினியால் செத்திருக்கும்.

மாண்டரின் தின்பது கோபேபாட் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்னஞ்சிறு உயிரிகளை. பகல் முழுக்க ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். ஒரே வேளையில் வயிறு நிறையத் தின்று வைத்துக்கொள்ளும் மீன் இல்லை அது. புதுத் தொட்டியில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கோபேபாட்டையும் சில நாட்களில் காலி செய்துவிடும். அதன் பிறகும் கொத்துவது நிற்காது, ஆனால் வாயில் எதுவும் சிக்காது. ஏமாற்று நடப்பதே இந்த இடத்தில்தான். கொத்துகிற மீனைக் காட்டி, சாப்பிடுகிற மீன் என்று விற்றுவிடுகிறார்கள்.

கடையில் பார்க்க வேண்டியது வயிறு. பக்கவாட்டில் பார்த்தால் எல்லா மாண்டரினும் அழகாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடுவீர்கள். மீன் கண்ணாடிப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, நேர் எதிரிலிருந்து பாருங்கள். வயிறு உருண்டு வெளியே தள்ளியிருக்க வேண்டும். வயிறு உள்ளே ஒட்டியிருந்தாலோ, தலைக்குப் பின்னால் முதுகின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தாலோ, அந்த மீன் பட்டினி கிடந்து பல நாளாகிவிட்டது என்று அர்த்தம். பாவம் பார்த்து வாங்காதீர்கள். அந்த நிலையிலிருந்து மீட்பது பழகிய கைகளுக்கே கடினம், நீங்கள் வாங்கிக் காலியான இடத்துக்கு அடுத்த வாரமே கடையில் இன்னொரு மீன் வந்துவிடும்.

பெல்லட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெல்லட்டை வாயில் எடுத்துத் துப்பினால் அது சாப்பிட்ட கணக்கில் வராது. எடுத்தது உள்ளே போய், அடுத்த பெல்லட்டைத் தேடி மீன் திரும்ப வேண்டும். ஃப்ரோசன் மைசிஸ், அதாவது உறையவைத்த குட்டி இறால் போன்ற தீனி, எடுத்தாலே நல்ல மீன்தான். வெளியூரிலிருந்து வாங்குபவர்கள், அன்றைய தேதி எழுதிய தாளைத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாண்டரினின் முகக் கோடுகள் ஒன்றுக்கொன்று அப்படியே ஒத்துப்போகாது. வீடியோவில் உள்ள முகத்தையும் வந்து சேர்ந்த மீனின் முகத்தையும் வைத்துப் பார்த்தால், மீனை மாற்றி அனுப்பியிருந்தால் தெரிந்துவிடும்.

“இன்னைக்குத்தான் ஷிப்மென்ட் வந்துச்சு, பையிலேயே எடுத்துக்கோங்க” என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த மீன் நம் கடலில் கிடைப்பதில்லை. மேற்குப் பசிபிக்கிலிருந்து, பெரும்பாலும் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கமிருந்து, பல கைகள் மாறி வருகிறது. வழியெல்லாம் பட்டினி. பத்து நாள் கடையிலேயே இருக்கட்டும், அட்வான்ஸ் தருகிறேன், தேறினால் எடுத்துக்கொள்கிறேன் என்று பேசுங்கள். நேர்மையான கடைக்காரர் ஒப்புக்கொள்வார்.

கடைத் தொட்டியில் காப்பர் மருந்து போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். வெள்ளைப்புள்ளி நோயை அடக்கிவைக்கப் பல கடைகளில் எல்லாத் தொட்டிக்கும் சேர்த்துக் காப்பர் போட்டுவிடுகிறார்கள். செதிலே இல்லாத மாண்டரினுக்கு அது ஆகாது. காப்பர் டெஸ்ட் கிட் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். உப்பு அளவையும் (ஒப்படர்த்தி) பாருங்கள். செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் 1.018, 1.020 என்று வைத்திருப்பார்கள். உங்கள் தொட்டியில் 1.025 இருக்கும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாமல், ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்.

வலை போட்டுப் பிடிக்க விடாதீர்கள். மாண்டரினின் கன்னத்தில் ஒரு முள் உண்டு, அது வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். உதறி எடுக்கும்போது கன்னம் கிழியும், வழவழப்புப் படலமும் உரியும். பிளாஸ்டிக் டப்பாவில் முகந்து, தனிப் பையில் போடச் சொல்லுங்கள்.

பார்சலில் பல மணி நேரம் பயணித்து வந்த மீனுக்குச் சொட்டு முறையில், அதாவது தொட்டித் தண்ணீரைப் பையில் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு மணி நேரம் பழக்கச் சொல்லும் கடைகளும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். மூடிய பையில் மீன் விடும் கரியமிலவாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அதனால், மீனின் கழிவிலிருந்து பையில் சேர்ந்திருக்கும் அம்மோனியா பெரும்பாலும் தீங்கில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். புது மீனைத் தனியே வைக்கும் ஒதுக்குத் தொட்டியில் உப்பைப் பைத் தண்ணீரின் அளவுக்கே முன்கூட்டி வையுங்கள். அளவைக் கடையிடம் கேட்டுக்கொள்ளலாம். பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, திறந்த உடனே பைத் தண்ணீரைச் சேர்க்காமல் மீனை மட்டும் மாற்றுங்கள். பிறகு சில நாளில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம்.

வீட்டில் என்ன இருக்க வேண்டும்? ஒரு மாண்டரினுக்கு 200 லிட்டருக்குக் குறையாத, ஓடத் தொடங்கி ஒரு வருடமான, கல் நிறைந்த தொட்டி. சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) கீட்டோ என்ற பாசி வளர்த்தால் கோபேபாட் அங்கே பெருகி மேலே வரும். சிக்ஸ்லைன் ராஸ் போல அதே தீனிக்குப் போட்டியிடும் மீன் இருக்கக் கூடாது. விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகளாகக் கோபேபாட் ஊர்ந்து நகர வேண்டும். தேடித் தேடி நாலைந்துதான் தெரிகிறது என்றால் தொட்டி தயாராகவில்லை. மீனோடு, உயிருள்ள கோபேபாட் அடைத்த “கோபேபாட் பாட்டில்” ஒன்றையும் கடைக்காரர்கள் தலையில் கட்டுவார்கள். பசித்த மீன் அதை ஓரிரு நாளில் தின்று தீர்த்துவிடும். பாட்டில் பயன்படுவது மீன் வருவதற்குச் சில மாதம் முன்பு, விதைபோல விட்டுப் பெருக்குவதற்கு.

மீனை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே ஆர்ட்டீமியா (மீன் தீனிக்கான உப்புநீர்ச் சிற்றிறால்) முட்டையைப் பொரிக்க வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் முட்டை, பலமான காற்று, 28 டிகிரி. 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். ஓடு நீக்கி, நன்னீரில் அலசி, உடனே கொடுங்கள். பொரித்து நேரமாக ஆகச் சத்து குறைந்துகொண்டே போகும். மீனைத் தொட்டிக்குள்ளேயே ஒரு பிரீடர் பாக்ஸில் (மீனைத் தனியே அடைக்கும் சின்னப் பெட்டி) விட்டு, நாளுக்கு மூன்று நான்கு வேளை கொடுத்துப் பழக்கினால் மற்ற மீன்கள் பிடுங்காது. வயிறு உருண்ட பிறகு ஃப்ரோசன் மைசிஸைக் கலந்து, உயிருள்ளதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீனையும் இதே மாதிரிதான் தள்ளிவிடுகிறார்கள், “ஐப்டேசியாவைத் தின்னும்” என்று சொல்லி. (ஐப்டேசியா என்பது தொட்டியில் களைபோலப் பரவும் சின்னக் கடல் அனிமோன்.) அதற்கும் தீனி பார்க்காமல் பணம் தராதீர்கள்.

மாண்டரினோடு “ஜோடியா வைங்க” என்று யாராவது கடல்குதிரையையோ, மன்னார் வளைகுடாப் பவளத்தையோ நீட்டினால் கிளம்பிவிடுங்கள். இரண்டும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. விற்றவரோடு வாங்கியவரும் மாட்டுவார்.

பில் கட்டாயம் வாங்குங்கள். அதில் மீனின் பெயரும், “மைசிஸ் எடுக்கிறது” என்று அவர் வாயால் சொன்னதும் எழுதியிருக்க வேண்டும். எழுதித் தர மறுத்தால், அவருக்கே அதில் நம்பிக்கையில்லை. பார்சலில் செத்து வந்தால் பையைப் பிரிக்காமலே வீடியோ எடுங்கள். திறந்துவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்பார்கள். பணம் திரும்ப வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பில், தேதியிட்ட வீடியோ, வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.