ஓதும் அரபும் பொருளறியும் அரபும்

தமிழ் முஸ்லிம்கள் அரபு கற்பதற்கு நெடுங்காலமாக இரண்டு வழிகள் இருந்து வந்துள்ளன. பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாவில் சிறுவர்கள் 'அலிஃப் ஜபர் அ, ஜேர் இ, பேஷ் உ' என்று எழுத்தையும் அதன் உயிர்க்குறிகளையும் உரக்கச் சொல்லி எழுத்துக்கூட்டப் பழகி, சில ஆண்டுகளில் குர்ஆனை ஓதி முடித்துவிடுவர். ஓதியதன் பொருள் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது. இதை வெறும் குறையென்று தள்ளிவிடுவது சரியன்று என்பேன். ஏனெனில் அங்கே கற்ற எழுத்தைக் கொண்டே, ப, ட, ண போன்ற ஒலிகளுக்குக் கூடுதல் குறிகள் இட்டு, அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில், தமிழ் எழுத்தறியாத பெண்கள் பலரும் மார்க்கச் சட்டங்களைத் தாய்மொழியிலேயே படிக்க முடிந்தது.

அரபுக் கல்லூரியின் அடித்தளமோ இலக்கணம். ஸர்ஃபு சொல்லின் வடிவ மாற்றங்களையும், நஹ்வு வாக்கியத்தில் அதன் ஈறு மாறும் முறையையும் கற்பிக்கின்றன. பல ஆண்டுகள் தங்கிப் பயின்ற பின்னரே மாணவர் ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், ஆகிறார். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் பட்டம் பெற்றவர் 'பாகவி' எனவும், ஆம்பூர் அருகே 1924இல் தொடங்கப்பட்ட உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமில் பெற்றவர் 'உமரி' எனவும் தம் பெயரோடு சேர்த்துக்கொள்வர். வீட்டை விட்டுச் சென்று படிக்க முடிந்த சிலருக்கே இவ்வழி வாய்த்தது. அவர்களிலும் பலர் ஊர் திரும்பி, மதரஸாவில் மீண்டும் அலிஃபிலிருந்தே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினர்.