மலையில் லைன் வேலை: கையுறை, பெல்ட், பூட்ஸ் பாவித்துப் பார்த்ததில்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா பக்கம் மின்சார லைன் வேலை செய்கிறவன் நான். புதிதாகக் குழுவுக்கு வரும் பையன்கள் முதலில் கேட்பது, "எந்தக் கையுறை நல்லது அண்ணே?" என்பதைத்தான். கம்பனிப் பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் சில வருடம் பாவித்ததில் எனக்குப் பட்டது என்னவென்றால், எங்கள் சாமான்கள் கம்பத்தில் கெடுவதைவிடப் பைக்குள் கெடுவதுதான் அதிகம். வைகாசியில் தொடங்கும் மழை இந்தப் பக்கம் லேசில் விடாது. ஈரத்தோடு பையில் போனது மறுநாள் ஈரத்தோடேதான் வெளியே வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ரப்பர் கையுறையில் தொடங்குவோம். எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை வைத்து இதை வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள். வீடுகளுக்குப் போகும் 400/230 வோல்ட் லைனுக்கு நான் போடுவது வகுப்பு 0. சிவப்பு லேபல் இருக்கும். 1,000 வோல்ட் வரை பாவிக்கலாம், சோதிப்பது 5,000 வோல்ட்டில். இதைவிட மெல்லியது வகுப்பு 00, அது 500 வோல்ட்டுக்கு. மீட்டர் பெட்டியில் சின்ன ஆணி முடுக்க அது சுகம். கம்பத்துக்கு நான் எடுப்பதில்லை. 33 கிலோவோல்ட் (33,000 வோல்ட்) பெரிய லைனுக்குக் கணக்குப் பார்த்தால் செம்மஞ்சள் லேபல் போட்ட வகுப்பு 4 வேண்டும், அதற்கு 36,000 வோல்ட் வரை அனுமதி. அதைப் போட்டுக்கொண்டு ஒரு நட்டைப் பிடித்துப் பாருங்கள், விரல் மடங்காது. எங்கள் குழுவில் 33ஐ கையுறையை நம்பித் தொடுகிற பேச்சே கிடையாது. லைனைத் துண்டித்து, கரண்ட் இருக்கிறதா என்று டிடெக்டரால் பார்த்து, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் லைனை நிலத்தோடு இணைத்து எர்த் போட்ட பிறகுதான் ஏறுவோம். "கையுறைதான் இருக்கே" என்று ஒருவன் சொன்னால் அவனை அன்றைக்குக் கீழேயே நிறுத்திவிடுவது நல்லது.

ஏறுமுன் காற்றடைத்துப் பார்ப்பதை எல்லோரும் செய்வதாகச் சொல்வார்கள். பாதிப் பேர் செய்வது சும்மா ஒருமுறை சுருட்டிப் பார்ப்பது. மணிக்கட்டுப் பக்கத்தை இறுக்கிச் சுருட்டி, விரல்கள் புடைக்கும் வரை காற்றை உள்ளே தள்ளி, கன்னத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். ஊசி முனை ஓட்டையாக இருந்தாலும் கன்னத்தில் ஒரு குளிர் தெரியும். நம் ஊரில் காற்றும் மழையுமாக இருக்கும்போது அது தெரியாது, ஆகவே வண்டிக்குள் உட்கார்ந்து பாருங்கள். அதோடு விரல்களுக்கு இடையிலுள்ள கவட்டை விரித்துப் பாருங்கள். என்னுடைய பழைய சோடியில் வெடிப்பு முதலில் தெரிந்தது அங்கேதான், தலைமயிர் போல மெல்லிய கோடுகள். மடித்து வைத்த ரப்பர் மடிப்பிலேதான் வெடிக்கும். மடிக்காமல், உட்புறம் வெளியே திருப்பாமல், விரல்கள் மேலே இருக்கும்படி கன்வஸ் பையில் தொங்கவிடுவதுதான் முறை. பாவனையில் உள்ளதை 6 மாதத்துக்கு ஒருமுறை மின்சோதனைக்கு அனுப்ப வேண்டும். திகதி முத்திரை அழிந்துபோன கையுறையைச் சோதிக்காத கையுறை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஐ.இ.சி 60903 என்ற சர்வதேசத் தரத்தில் வரும் கையுறையில் வகுப்புக்குப் பக்கத்தில் சில எழுத்துகளும் இருக்கும். சி என்றால் கடும் குளிருக்கு. நுவரெலியாவில் தை மாத விடியலில் புல்லில் உறைபனி பூத்தாலும் நமக்கு அந்த எழுத்து அவசியமில்லை. பார்க்க வேண்டியது எச், அது எண்ணெய் தாங்கும் வகை. மரக் கம்பங்கள் உக்காமலிருக்கப் பூசியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் ரப்பருக்குச் சத்துரு. இன்னொன்று, இரத்தம் குடிக்கும் அட்டை ஏறாமலிருக்கக் காலில் எண்ணெய் பூசிவிட்டு அதே கையோடு கையுறைக்குள் விரலை விடுகிற பழக்கம். ரப்பர் ஊதி, ஒட்டுகிற மாதிரி ஆகிவிடும். காலுக்குச் சவர்க்காரமும் உப்பும் போதும் தம்பிமாரே.

உண்மையில் அடிக்கடி மாற்ற வேண்டி வந்தது ரப்பரை இல்லை, அதற்கு மேலே போடும் தோல் உறையைத்தான். வயர் நுனி, கிளாம்ப் முனை, முள் எல்லாம் முதலில் குத்துவது அதில். நனைந்தால் மட்டைபோல விறைத்துவிடும், இரண்டு நாள் பைக்குள் கிடந்தால் பச்சையாகப் பூஞ்சணம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைநாடே கலங்கியபோது வேலை ஓயாமல் போனது, உலர்த்த நேரமில்லை. அந்த நாட்களில் தையல் நூல் இற்று, பெருவிரல் பக்கம் வாய் பிளந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கையுறைக்கு இரண்டு தோல் உறை என்று வைத்திருக்கிறேன். ஒன்று கையில், மற்றது நிழலில் காயும். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு உலர்த்துவது லயத்து வீடுகளில் வழக்கம், தோலுக்கு அது ஆகாது. ரப்பருக்கு அறவே ஆகாது.

பெல்ட் விஷயம். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய தோல் பெல்ட்டைப் புகழ்கிற மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லேசானதுதான், மறுக்கவில்லை. விழுந்தால் முழு அடியும் இடுப்பெலும்பிலும் முதுகிலும். இப்போது நான் போடுவது உடம்பு முழுக்க வரும் ஹார்னஸ், ஐரோப்பியத் தரம் ஈ.என் 361. கம்பத்தைச் சுற்றிப் போட்டுச் சாய்ந்து நிற்கும் பட்டி தனியாக ஈ.என் 358.

ஹார்னஸோடு, விழும்போது அடியைத் தாங்கி விரியும் ஷொக் அப்சோபர் வைத்த கயிறும் தந்தார்கள். அதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கயிறும் அப்சோபரும் சேர்ந்து 2 மீட்டர். விழுந்தால் அப்சோபர் 1.75 மீட்டர் வரை விரியலாம். அதற்குமேல் ஆளின் நீளம், கொஞ்சம் மிச்ச இடைவெளி. மொத்தம் 6 மீட்டரைத் தாண்டும். சின்ன லைன் கம்பத்தில் நம் கால் நிற்கிற உயரம் அவ்வளவு வராது. அதாவது கயிறு தன் வேலையை முடிக்கிறதுக்குள் நிலம் வந்துவிடும். ஆகவே அந்த நீளக் கயிறு உயரமான கோபுரத்துக்கு. சின்னக் கம்பத்தில் சுற்றுப்பட்டியை இறுக்கமாக வைத்துக்கொள்வதும், கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டுவதும்தான் கைகொடுக்கும். ஹார்னஸ் நாடாவைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் போடுங்கள். கொக்கிக்குள் போகும் செம்மண்தான் பெரிய தொல்லை. கிளிக் சத்தம் கேட்கும், ஆனால் நாக்கு முழுதாக மூடியிருக்காது. விரலால் தள்ளிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

பூட்ஸில் மின்காப்புள்ள ரப்பர் பூட்ஸ்தான் என் தெரிவு, ஒரு எச்சரிக்கையோடு. லைன் தேயிலைக்குள்ளால்தான் போகிறது. கவ்வாத்து வெட்டிய மலையில் இறங்கினால் சாய்வாக வெட்டிய தூர்கள் ஈட்டி மாதிரி நிற்கும். ஒரு குத்து விழுந்தால் மின்காப்பு போச்சு, வெளியே பார்த்தால் சின்னக் கீறல்தான் தெரியும். இப்போது நடக்க ஒரு பூட்ஸ், கம்பத்தடிக்கு வந்தபின் மாற்ற இது. சுமைதான், வேறு வழி தெரியவில்லை. அறுந்து விழுந்த வயருக்குப் பக்கத்தில், நிலத்தில் பரவும் கரண்ட் ஒரு காலால் ஏறி மறு காலால் இறங்காமலிருக்க, பாதங்களைச் சேர்த்துத் தேய்த்து நகரச் சொல்லிக் கொடுப்பார்கள். சமதரையில் சரி. ஈரமான சரிவில் அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே தூரத்தில் நிற்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

ஹெல்மெட் பற்றிச் சுருக்கமாக. நாடி வார் இல்லாதது வேண்டாம், ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், விளிம்புக்கு உள்ளே வார்த்திருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். முகக் கண்ணாடி நல்லதுதான், பனிமூட்டத்தில் அரை நிமிடத்தில் மங்கிவிடுகிறது. உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். பொலியெஸ்டர் தீப்பொறியில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

உடம்பில் போடாத ஒன்றையும் இதில் சேர்க்கிறேன், வோல்டேஜ் டிடெக்டர். கரண்ட் போனால் பெக்டரியில், கடையில் எல்லாம் ஜெனரேட்டர் ஓடும். லைனிலிருந்து ஜெனரேட்டரைப் பிரித்து வைக்கும் மாற்றுச் சுவிட்ச் சரியில்லாமல் அந்த 230 வோல்ட் பின்பக்கமாக டிரான்ஸ்போமருக்குப் போனால், மேலே 33 கிலோவோல்ட் லைன் உயிர் பெற்றுவிடும். நாம் துண்டித்த லைன் என்று நினைத்துக்கொண்டிருப்போம். டிடெக்டரின் சோதனைப் பொத்தானை லைனைப் பார்க்குமுன் ஒருமுறை, பார்த்தபின் ஒருமுறை அமுக்குவது என் பழக்கம். நடுவில் பற்றறி செத்திருந்தால் அதன் மௌனத்துக்கு அர்த்தமில்லை.

குளவி கொட்டாமலிருக்கப் போட எதுவும் தரமாட்டார்கள். கொழுந்து எடுக்கிற அக்காமார்தான் எங்களுக்கு எச்சரிக்கை: "தம்பி, அந்தப் பக்கம் ஏறாதீங்க, கிளையில கூடு தொங்குது." கேட்டு நடந்தால் பிழைத்தோம்.

கடைசியாக அளவு. எங்களுக்கு வந்து சேரும் கையுறை பெரும்பாலும் 10, 11. பெருவிரலை விட்டு உள்ளங்கையைச் சுற்றி அங்குலத்தில் அளந்தால் வருவதுதான் கையுறை அளவு, இங்கே பலருக்கு 9க்கு மேல் வராது. பெரிய கையுறையில் விரல் நுனி தொங்கும், நட்டு நழுவும், பிறகு "ஒரு நிமிஷம்தானே" என்று கழற்றுவார்கள். அடுத்த தடவை சாமான் பட்டியல் போகும்போது ஆளாளுக்கு அளவை எழுதிக் கொடுங்கள். நான் 9 எழுதியிருக்கிறேன், தோல் உறை இரண்டு சோடியோடு.