ஒற்றைக்கொம்பு வைத்த வேலை

அப்பா போனபின் மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டை விற்றுவிடலாம் என்று அக்காவும் நானும் ஒருவழியாக முடிவு செய்தோம். 2025 பொங்கல் முடிந்த கையோடு மெல்போர்னிலிருந்து கிளம்பினேன். தை பிறந்தால்தான் வீடு பார்க்க ஆள் வரும் என்பது அக்கா கணக்கு. கையில் இருந்தது 21 நாள் லீவு. ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சின்ன நகரம். பெயர் வேண்டாம், கீழே கொஞ்சம் முணுமுணுக்கப் போகிறேன்.

வீட்டை விற்பனைக்குத் தயார் செய்வது என்றதும் என் மனதில் வந்தது பெயின்ட்தான். பக்கத்து வீட்டு அத்தை ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். அறுபது வயதிருக்கும். சுவரை உள்ளங்கையால் தடவினார், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கூடத்தின் மேற்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் காரை பொரிந்து உப்புப் பூத்திருந்தது.

"இது மேல பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சா ரெண்டு மாசம் தாங்கும் தம்பி. வாங்க வர்றவன் மொதல்ல இங்கதான் கை வைப்பான்" என்றார்.

ஓதத்துக்குக் காரணம் பின்பக்கக் குளியலறைக் குழாயில் ஒரு கசிவு. அதை அடைத்து, காரையைக் கொத்தி எடுத்து, பத்து நாள் காயவிட்டுத்தான் பூச வேண்டுமாம். என் லீவில் பாதி, சுவர் காயவே சரியாகப் போயிற்று. அவருக்கு நாள் கூலி 1,100 ரூபாய். காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்பார். பிளம்பரோ மூன்று நாள் "இதோ தெருமுனைக்கு வந்துட்டேன் சார்" என்றே ஓட்டினார். பழைய சாமான்களில் அண்டாவை அக்கா எடுத்துக்கொண்டாள், இரும்பெல்லாம் எடைக்குப் போயிற்று. ஆட்டுக்கல்லை இனாமாகக் கொடுத்தும் எடுத்துப் போக ஆளில்லை.

இரண்டாம் நாள் வந்த தரகர் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நின்றபடியே கேட்டார்: "பட்டா யார் பேர்ல இருக்கு சார்? தாய்ப்பத்திரம் இருக்கா? வில்லங்கம் முப்பது வருஷத்துக்குப் போட்டாச்சா? வாரிசுச் சான்று?" தாய்ப்பத்திரம் மட்டும் பீரோவில் இருந்தது. பட்டா இன்னும் அப்பா பெயரில்.

சொத்தின்மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பொறுத்தவரை பதிவுத்துறையை மனதாரப் பாராட்ட வேண்டும். இரவு சாப்பிட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, சர்வே எண்ணைப் போட்டுத் தேடினேன். காசில்லாமல் பார்க்க முடிந்தது. சிறுவயதில் இதே காகிதத்துக்காக அப்பாவோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்திருக்கிறேன்.

அந்தத் தெம்பில் வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையம் போனேன். கட்டணம் 60 ரூபாய். கணினி முன் இருந்த பெண் வேகமாக அடித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"சார், பத்திரத்துல அப்பா பேரு 'ர'ல ஆரம்பிக்குது. இறப்புச் சான்றிதழ்ல 'ரெ' போட்டிருக்கு. எதைப் போடட்டும்?"

எங்கள் பக்கம் வாய் 'ரெ' என்றுதான் சொல்லும். பத்திரம் எழுதியவர் 'ர' என்று எழுதினார். மருத்துவமனையில் யாரோ காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. வங்கிப் புத்தகத்தில் 'ர', ரேஷன் கார்டில் 'ரெ'. இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்து, பதினேழாம் நாள் சான்று கைக்கு வந்தது. பணம் கேட்டார்களா என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். உள்ளே யாரும் கேட்கவில்லை. வாசலில் வேப்பமரத்தடியில் நின்றவர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அதனால்தான் நான்கு தடவை என்று அத்தை இன்னும் சொல்கிறார்.

மறுநாளே பட்டா மாறுதலுக்கு மனு போட்டுவிட்டு ஆடிட்டரைப் பார்த்தேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த வரி விஷயத்தை ஊருக்கு வரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அக்காவுக்குச் சரிபாதி. அவள் உள்நாட்டுவாசி என்பதால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குபவர் அவள் பங்கில் 1% வரியாகப் பிடித்தால் போதும். என் பங்குக்கு அந்த வரம்பே கிடையாது. நெடுநாள் வைத்திருந்த சொத்தை விற்ற லாபத்துக்கான 12.5 சதவீத வரியோடு, அந்த வரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் சேரும். லாபம் கொஞ்சமாக இருந்தாலும் முழு விலையிலேயே பிடித்துவிடுவார்கள். வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கினால் தப்பலாம். இல்லையென்றால் கணக்குத் தாக்கல் செய்து, திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். என் பங்குப் பணம், வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்துக்காக இங்குள்ள வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கில்தான் விழும்.

கடைசி வாரம் அக்கா பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் பதிவு செய்தோம். போட்டோ, கைரேகை எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. மெல்போர்னில் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தால், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்று இன்னொரு அலைச்சல் இருந்திருக்கும். அக்கா கிரயம் எழுதிக் கொடுக்கும்போது நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு டாக்டர் சான்று வேறு அனுப்ப வேண்டும். ஆவணப்படி அப்பா இரண்டு பேர், நான் ஒரு ஆள் இருக்கிறேனா என்றே சந்தேகம்.

கிளம்புகிற அன்றைக்குக் கொத்தனார் மேற்குச் சுவரில் முதல் கோட் பிரைமர் அடித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் ஒருநாள், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. பட்டா மாறிவிட்டது. அப்போதே இறக்கிப் பார்த்தேன். அக்கா பெயரும் என் பெயரும் சரியாக இருந்தன. தந்தை பெயர், அக்காவுக்கு நேரே 'ர'. எனக்கு நேரே 'ரெ'.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நல்லவேளைடா, அந்த நோட்டரி பேப்பர்ல நாலு காப்பி எடுத்து வச்சேன்" என்றாள்.