ஈர்ப்பு விதிக்கு ஃபெட் சிமுலேஷன்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஈர்ப்பு விதியின் சூத்திரத்தைப் பிழையில்லாமல் எழுதும் மாணவரிடம், தூரத்தைப் பாதியாக்கினால் விசை என்ன ஆகும் என்று கேளுங்கள். பலர் "இரண்டு மடங்கு" என்பார்கள். விசை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், சரியான விடை நான்கு மடங்கு. இந்தப் பிழையைத் திருத்த, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டம் இலவசமாகத் தரும் 'கிராவிட்டி ஃபோர்ஸ் லேப்' என்ற சிமுலேஷன் அருமையான கருவி. பதிவு செய்யத் தேவையில்லை, பிரவுசரிலேயே ஓடும்.

இரண்டு கோளங்கள், நிறையை மாற்ற ஒரு வழி, நகர்த்தக்கூடிய அளவுகோல், அவ்வளவுதான் திரையில். ஒன்றுக்கு 100 கிலோ, இன்னொன்றுக்கு 400 கிலோ, இடையே 6 மீட்டர் வையுங்கள். விசை சுமார் 7.4 × 10⁻⁸ நியூட்டன். 3 மீட்டருக்கு நெருக்கினால் சுமார் 2.97 × 10⁻⁷, அதாவது நான்கு மடங்கு. விசையின் மதிப்பை மறைக்கும் வசதியும் உண்டு. முதலில் மறைத்துவிட்டு, தாளில் கணக்குப் போட்ட பிறகு திறந்து காட்டினால்தான் பலன். மதிப்பைப் பத்தின் அடுக்காகக் காட்டும்படி வையுங்கள். தசமத்தில் வரிசையாக நிற்கும் பூஜ்ஜியங்களை எண்ணுவதில் தவறு வரும்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. நிறையைக் கூட்டினால் கோளமும் பெரிதாகும். மாணவர்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்துவிடுவார்கள். கோளங்களின் ஆரம் அரை மீட்டர் என்றால், விளிம்பிடைவெளி 2 மீட்டராகத் தெரியும்போது உண்மையான தூரம் 3 மீட்டர். 2 என்று போட்டுக் கணக்கிட்டால் விசை 2.25 மடங்கு கூடுதலாக வரும். கோள அளவை மாறாமல் நிறுத்தும் தேர்வை முதலிலேயே போட்டுவிட்டு, மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கச் சொல்லுங்கள்.

நிறைகள் எவ்வளவு வேறுபட்டாலும் விசையைக் காட்டும் இரண்டு அம்புகளும் ஒரே நீளத்தில் நிற்பது இதன் மிகச் சிறந்த அம்சம். பெரியதுதான் அதிகமாக இழுக்கும் என்ற எண்ணம் அங்கேயே உடைகிறது.

பூமி சார்ந்த கணக்குகளுக்கு இது போதாது. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் என்ன என்ற கேள்விக்கு 400-ஐயே தூரமாகப் போடுவது வழக்கமான பிழை. போட வேண்டியது பூமியின் ஆரத்தையும் சேர்த்து 6,370 + 400 = 6,770 கிலோமீட்டர். தரையில் ஈர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி²; ஆக 9.8 × (6370/6770)² என்றால் சுமார் 8.7 மீ/வி². அந்த உயரத்தில் ஈர்ப்பே கிடையாது என்று நினைப்பவருக்கு இந்த விடைதான் மருந்து. சிமுலேஷனில் இதைக் காட்ட வழியில்லை. தாளும் பேனாவும்தான் வேண்டும்.

சுற்றுப்பாதைக்கு அதே தளத்தின் 'கிராவிட்டி அண்ட் ஆர்பிட்ஸ்' இருக்கிறது. ஓடும்போதே ஈர்ப்பை நிறுத்தினால் கோள் தொடுகோட்டுத் திசையில் நேராகப் போய்விடும். வெளிப்பக்கமாகத் தூக்கி எறியப்படாது. முதல் திரையில் அளவுகள் நிஜ விகிதத்தில் இல்லை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிஜ விகிதத்துக்குத் தனித் திரை உண்டு.