விர்ச்சுவல் பாக்ஸ், கேவிஎம், ஃப்ரீபிஎஸ்டி: நெடுநாள் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

விண்டோஸைத் தாண்டி வேறு ஓஎஸ் கற்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எதைப் போடலாம்?" என்றுதான். எதன் மேல் ஓட்டப்போகிறோம் என்ற கேள்வி அதற்கும் முந்தியது. கீழே இருக்கும் விர்ச்சுவல் மெஷின் கருவி (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாலேயே ஓட்டுவது) சரியாக அமையவில்லை என்றால் மவுஸை நகர்த்தினாலே திரை இழுக்கும். பழி மட்டும் பாவம், டெபியன், மின்ட் போன்ற லினக்ஸ் வகைகள் மேல் விழும். அதனால் கருவியிலிருந்தே தொடங்குகிறேன். கணக்குகள் எல்லாம் 8 ஜிபி ரேம், நான்கு கோர், எஸ்எஸ்டி உள்ள சாதாரண லேப்டாப்புக்கானவை. ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால் ரேம் கூட்டுவதற்கு முன் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

விண்டோஸ் 11 மேல் அப்படிப்பட்ட கருவியான விர்ச்சுவல் பாக்ஸைப் போடுவதுதான் பலரும் எடுக்கும் முதல் அடி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைச் சொடுக்கினால் 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பயாஸுக்குள் போய் இயக்க வேண்டும். இன்டெல்லில் விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டியில் எஸ்விஎம் மோட் என்றும் இருக்கும். இதைச் செய்தபின்னும் மெஷின் ஊர்ந்தால் கெஸ்ட் (உள்ளே ஓடும் ஓஎஸ்) விண்டோவின் அடிப்பட்டையில் வலது மூலையைப் பாருங்கள். அங்கே பச்சை நிறத்தில் ஒரு ஆமை தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சிபியூவின் விர்ச்சுவலைசேஷன் வசதியை விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் கருவியான ஹைப்பர்-வி ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது, விர்ச்சுவல் பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது என்பதுதான் அந்த ஆமைக்குப் பொருள். வேகம் வெகுவாகக் குறையும், சில கெஸ்ட்கள் பாதி பூட்டிலேயே நின்றுவிடும்.

சரிசெய்ய, 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றின் டிக்கையும் எடுக்க வேண்டும். பலரும் தவறவிடுவது நான்காவது இடத்தை. விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்று உள்ளே போனால் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆனில் இருக்கும்வரை ஆமை போகாது. ஆனால் அது உண்மையான பாதுகாப்பு வசதி. அலுவலக மெஷினில் ஐடி ஆட்களைக் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள். தவிர, இவற்றை அணைத்தால் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) ஓடாது, அதை நம்பியிருக்கும் டாக்கர் டெஸ்க்டாப்பும் ஓடாது. அவை தினசரி வேண்டும் என்பவர்கள் விர்ச்சுவல் பாக்ஸோடு மல்லுக்கட்டுவதை விட, விண்டோஸ் புரோ இருந்தால் ஹைப்பர்-வியையே பயன்படுத்துவது நல்லது. ஹோம் பதிப்பில் அது கிடையாது.

ரேம் விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம். 8 ஜிபி ஹோஸ்ட்டில் (வெளியே இருக்கும் உங்கள் கணினி) கெஸ்ட்டுக்கு 3 ஜிபி போதும். ஐந்து, ஆறு என்று கொடுத்தால் விண்டோஸ் தன் பங்குக்கு டிஸ்க்கில் பேஜிங் செய்யத் தொடங்கும்; இரண்டும் சேர்ந்து மந்தமாகும். கோர் இரண்டு கொடுங்கள். நான்கையும் கொடுத்தால் கெஸ்ட் வேகமாகும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. ஹோஸ்ட்டின் வேலையும் அதே கோர்களில்தான் நடக்க வேண்டும், எனவே கெஸ்ட்டே காத்திருக்க நேரும். வீடியோ மெமரியை 128 எம்பிக்கு ஏற்றிவிடுங்கள். லினக்ஸின் டெஸ்க்டாப் தோற்றங்களில் எக்ஸ்எஃப்சிஇயை எடுங்கள். இன்னொரு டெஸ்க்டாப்பான க்னோம் தன் திரையை வரைய கிராபிக்ஸ் கார்டை எதிர்பார்க்கிறது. விர்ச்சுவல் மெஷினில் அந்த வேலை பெரும்பாலும் சிபியூ தலையில்தான் விழும்.

தமிழில் எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஹோஸ்ட்டில் தமிழ்99 அருமையாக வேலை செய்யும், கெஸ்ட்டுக்குள் போனதும் ஆங்கிலம்தான் விழும். விர்ச்சுவல் பாக்ஸ் கெஸ்ட்டுக்கு அனுப்புவது எழுத்தை அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்ற ஸ்கேன் கோடை மட்டுமே. ஆகவே கெஸ்ட்டுக்குள் தனியாக ஐபஸ்ஸும் (பல மொழிகளில் தட்டச்ச உதவும் நிரல்) அதற்கான எம்17என் பொதியும் நிறுவி, லாக் அவுட் செய்து திரும்ப வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் அல்லாத, யூனிக்ஸ் வகை ஓஎஸ்) போன்ற வெறும் நிறுவலில் தமிழ் எழுத்துருவும் இருக்காது, கட்டம் கட்டமாகத் தெரியும். நோட்டோ எழுத்துருப் பொதியைப் போட்டால் சரியாகும்.

நெட்வொர்க்கில் இயல்பாக வரும் நேட் (ஹோஸ்ட்டின் இணைப்பையே கெஸ்ட் பகிரும் முறை) போதுமானது. கெஸ்ட்டிலிருந்து இணையம் கிடைக்கும், ஆனால் ஹோஸ்ட்டிலிருந்து கெஸ்ட்டின் 10.0.2.15 முகவரிக்குப் பிங் போகாது. அது பிழையல்ல, நேட்டின் இயல்பே அப்படித்தான். கெஸ்ட்டுக்குள் எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாகக் கட்டளைத் திரையில் நுழைவது) செய்ய, போர்ட் ஃபார்வர்டிங்கில் ஹோஸ்ட் போர்ட் 2222, கெஸ்ட் போர்ட் 22 என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, லோக்கல்ஹோஸ்ட்டின் 2222-க்கு இணையுங்கள்.

முதல் வாரத்தில் தெரியாமல், மாதங்கள் போனபின் தொல்லை தருவது டிஸ்க். 30 ஜிபி என்று டைனமிக் டிஸ்க் உருவாக்கினால் தொடக்கத்தில் கோப்பு சிறிதாக இருக்கும். அப்டேட் வர வர வளரும். கெஸ்ட்டுக்குள் 10 ஜிபியை அழித்தாலும் ஹோஸ்ட்டில் அந்த விடிஐ கோப்பு (கெஸ்ட்டின் டிஸ்க்காக நிற்பது) ஒரு எம்பி கூடக் குறையாது. அழிப்பது என்றால் கோப்பின் பதிவை நீக்குவது மட்டும்தான். பழைய தரவு பிளாக்குகளில் அப்படியே கிடக்கும், எது வேண்டாதது என்று விர்ச்சுவல் பாக்ஸுக்குத் தெரிய வழியில்லை. சுருக்க வேண்டுமானால் பொதிகளின் கேஷைக் காலிசெய்து, மீட்பு நிலையில் பூட் செய்து, பார்ட்டிஷன் படிக்க மட்டும் என்ற நிலையில் மவுண்ட் ஆகியிருக்கும்போது ஜீரோஃப்ரீ நிரலை ஓட்டுங்கள். அது காலி பிளாக்குகளில் பூஜ்ஜியம் நிரப்பும் (இஎக்ஸ்டி2, 3, 4 ஃபைல் சிஸ்டங்களுக்குத்தான்). பிறகு மெஷினை முழுதாக நிறுத்திவிட்டு, விபாக்ஸ்மேனேஜ் கட்டளையின் 'காம்பாக்ட்' தெரிவை ஓட்டினால் கோப்பு சுருங்கும்.

மெஷினின் அப்போதைய நிலையைப் பதிவுசெய்து பின்னர் அதற்கே திரும்பவிடும் ஸ்னாப்ஷாட்டைப் பற்றி நல்லதாகவே சொல்லக் கேட்டிருப்பீர்கள். கற்பவர்களுக்கு அதைவிடப் பெரிய துணை கிடையாது. பூட்லோடரை உடைத்துப் பார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் திரும்பிவிடலாம். ஆனால் அதை பேக்கப் என்று நம்புவது ஆபத்து. ஸ்னாப்ஷாட் எடுத்த கணம் முதல் டிஸ்க்கில் எழுதப்படும் எல்லாமும் புதியதொரு வித்தியாசக் கோப்பில் போய்ச் சேரும். தாய்க் கோப்பு கெட்டால் அதன் மேல் அடுக்கிய அத்தனையும் போச்சு. ஐந்தாறு சேர்ந்தபின் டிஸ்க் நிரம்பி, இடம் கிடைக்கட்டும் என்று ஒன்றை அழிக்கப் போனால், அழிப்பது இணைக்கும் வேலை என்பதால் அதற்கே இடம் கேட்கும். இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். நிறுவி, அப்டேட் முடித்து, கெஸ்ட் அடிஷன்ஸும் (கெஸ்ட்டுக்கான விர்ச்சுவல் பாக்ஸின் துணை டிரைவர்கள்) போட்டபின் சுத்தமான நிலையில் ஒன்று. ஒவ்வொரு சோதனைக்கும் முன் ஒன்று. சோதனை முடிந்த அன்றே இரண்டாவதை நீக்கிவிடுங்கள். பேக்கப்புக்கு மெஷினை நிறுத்தி, ஓவிஏ கோப்பாக ஏற்றுமதி செய்து வெளி டிஸ்க்கில் வையுங்கள். விடிஐ கோப்பைக் கையால் காப்பி செய்து அதே கணினியில் சேர்க்கப் பார்த்தால் யூயூஐடி (டிஸ்க்கின் அடையாள எண்) ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்துவிடும். அதற்குத்தான் குளோன் இருக்கிறது.

ஹோஸ்ட்டே லினக்ஸ் ஆகிவிட்டது என்றால் என் தேர்வு விர்ச்சுவல் பாக்ஸ் இல்லை, கேவிஎம்தான். 2007-ல் வந்த 2.6.20 கர்னலிலிருந்தே (கர்னல் என்பது ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கேவிஎம் என்ற இந்த விர்ச்சுவல் மெஷின் வசதி லினக்ஸுக்குள் இருக்கிறது. விர்ச்சுவல் பாக்ஸ் தன் மாட்யூலைத் (கர்னலில் ஏற்றும் துண்டு) தனியே கட்டிக்கொள்ள வேண்டியிருப்பதால், கர்னல் அப்டேட் வந்த மறுநாள் 'கர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்ட்' என்று நிற்பது வழக்கம். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் அந்த மாட்யூலுக்குக் கையெழுத்துச் சாவி பதிவு செய்யும் வேலையும் கூடும். 6.12 கர்னல் முதல் இன்னொன்றும் சேர்ந்தது. கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனேயே விர்ச்சுவலைசேஷனைக் கைப்பற்றிக்கொள்வதால் விர்ச்சுவல் பாக்ஸ் மெஷின் கிளம்ப மறுக்கலாம். அப்போது கேவிஎம் மாட்யூலைக் கர்னலிலிருந்து நீக்கினால் ஓடும்.

கேவிஎம்முக்கு விர்ட்-மேனேஜர் என்ற நிர்வாக நிரலை நிறுவி, உங்கள் பயனர் கணக்கை லிப்விர்ட் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து வந்தால் போதும். டிஸ்க், நெட்வொர்க் இரண்டுக்கும் விர்ட்ஐஓ (விர்ச்சுவல் மெஷினுக்கென்றே அமைத்த சாதன வகை) தேர்ந்தெடுங்கள், சிபியூ மாதிரியை 'ஹோஸ்ட்-பாஸ்த்ரூ' ஆக்குங்கள், கெஸ்ட்டில் ஸ்பைஸ் ஏஜென்ட் பொதியைப் போடுங்கள். காப்பி-பேஸ்ட் அதன் வழியாகத்தான் நடக்கும். டிஸ்க்கின் 'டிஸ்கார்ட்' தெரிவு 'அன்மேப்' என்று இருந்தால், கெஸ்ட்டில் எஃப்எஸ்டிரிம் (காலி இடத்தைத் தெரிவிக்கும் கட்டளை) ஓடும்போதே கேவிஎம்மின் டிஸ்க் கோப்பான க்யூகவ்2 தானாகச் சுருங்கும். மேலே சொன்ன ஜீரோஃப்ரீ வேலை மிச்சம். குறையும் உண்டு. வைஃபை மேல் பிரிட்ஜ் (கெஸ்ட்டை வெளி நெட்வொர்க்கில் நேரடியாக இணைக்கும் முறை) போட முடியாது. விண்டோஸ் கெஸ்ட் நிறுவும்போது விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக இணைக்காவிட்டால் இன்ஸ்டாலர் கண்ணுக்கு டிஸ்க்கே தெரியாது.

இனி ஓஎஸ். லினக்ஸ் தெரியாதவர்கள் மின்ட்டில் தொடங்கட்டும், அதில் வாதமே இல்லை. ஹைக்கூ என்ற ஓஎஸ் சில நொடிகளில் பூட் ஆகும், 2 ஜிபி ரேமில் துள்ளி ஓடும், ஆனால் 2024 செப்டம்பரில் வந்த ஐந்தாம் பீட்டாவும் பீட்டாதான். விண்டோஸ் நிரல்களை ஓட்ட முயலும் ரியாக்ட்ஓஎஸ் இன்னும் ஆல்ஃபா.

லினக்ஸ் ஓரளவு கைவந்தவர்கள் ஆழமாகக் கற்க ஃப்ரீபிஎஸ்டியைத்தான் பரிந்துரைப்பேன். கர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே திட்டத்திலிருந்து வருவதால், கையேட்டில் எழுதியிருப்பதும் மெஷினில் இருப்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க் கொடுங்கள். இன்ஸ்டாலர் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தை முன்னே காட்டும். சின்ன மெஷினில் யூஎஃப்எஸ் போதும், இசட்எஃப்எஸ்ஸின் கேஷ் ரேமை விழுங்கும். அடிப்படை நிறுவலில் பாஷ் ஷெல் இருக்காது. நீங்கள் நிறுவும் பொதிகளின் அமைப்புக் கோப்புகள் 'ஈடிசி'யில் இல்லாமல் 'யூஎஸ்ஆர்-லோக்கல்-ஈடிசி'யில் இருக்கும். சேவைகளை இயக்குவது 'ஆர்சி.கான்ஃப்' என்ற ஒரே கோப்பில் ஒரு வரிதான்.

விர்ச்சுவல் பாக்ஸில் வளர்த்த ஃப்ரீபிஎஸ்டியைக் கேவிஎம்முக்கு மாற்றும்போது நடப்பதைப் பார்த்தால் அதன் உள்ளமைப்பு நன்றாகப் புரியும். ஃப்ரீபிஎஸ்டி சாதனங்களுக்கு டிரைவரின் பெயரையே வைக்கிறது. சாட்டா டிஸ்க் அங்கே 'ஏடிஏ0'. விர்ட்ஐஓவில் அதுவே 'விடிபிடி0' ஆகிவிடும். எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய பெயர் இருப்பதால் பூட் பாதியில் 'மவுண்ட்ரூட்' கேள்வியில் நிற்கும். அங்கே கேள்விக்குறி தட்டினால் இருக்கும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும். யூஎஃப்எஸ் என்று தொடங்கிப் புதிய பார்ட்டிஷன் பெயரைத் தட்டினால் மேலே போகும். உள்ளே போனதும் எஃப்எஸ்டேப்பைத் திருத்த வேண்டும். இணையமும் வராது, ஏனென்றால் 'ஈஎம்0' கார்டு இப்போது 'விடிநெட்0'. ஆர்சி.கான்ஃப்பில் அந்த ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது. மாற்றுவதற்கு முன்பே எஃப்எஸ்டேப்பில் டிஸ்க் பெயருக்குப் பதில் ஜிபிடி லேபிளைப் (பார்ட்டிஷனுக்கு நாமே வைக்கும் பெயர்) போட்டுவைத்தால் டிஸ்க் சிக்கல் எழவே எழாது.

விர்ச்சுவல் மெஷினில் நன்றாக ஓடுகிறதே என்று லேப்டாப்பில் நேரடியாக நிறுவ இறங்கிவிடாதீர்கள். கெஸ்ட் பார்ப்பதெல்லாம் போலி நெட்வொர்க் கார்டும் போலித் திரையும். உங்கள் வைஃபை சிப், மூடியை மூடினால் தூங்கி எழுவது, பேட்டரி, வெப்கேம் எதையும் அது தொட்டதே இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் இன்டெல் வைஃபை டிரைவர் 802.11ஏசி வேகத்துக்கு வந்ததே 2025 ஜூனில் வெளியான 14.3-ல்தான். எனவே மின்ட் என்றால் அதன் லைவ் யூஎஸ்பி, ஃப்ரீபிஎஸ்டி என்றால் அதன் மேல் கட்டிய கோஸ்ட்பிஎஸ்டியின் லைவ் யூஎஸ்பி போட்டு பூட் செய்யுங்கள். வைஃபையில் பெரிய கோப்பு ஒன்றை இறக்கி, ஹெட்ஃபோன் செருகி, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, மூடியை மூடிப் பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். அதற்குப் பின் வைஃபை தானாகத் திரும்ப இணைகிறதா என்பதையும் பாருங்கள். தூங்கி எழுந்தபின் வைஃபை மட்டும் எழாமல் கிடக்கும் லேப்டாப்கள் உண்டு.