குதிரைப் பல் ராவும் கைக்கருவி செட்: தொழில் மாறுபவர்கள் வாங்கலாமா?

லாடம் அடிக்கும் வேலையிலிருந்தோ வேறு பிழைப்பிலிருந்தோ குதிரைப் பல் பராமரிப்புக்கு வர நினைப்பவர்கள் முதலில் விலை விசாரிப்பது இந்த செட்டைத்தான். பெட்டிக்குள் குதிரையின் வாயைத் திறந்து பிடிக்கும் ஹவுஸ்மன் மாடல் ஸ்பெக்குலம், நேர்த்தலை அரம், கோணத்தலை அரம், கழற்றி மாட்டும் கார்பைடு பிளேடுகள், வாய் கழுவும் பெரிய சிரிஞ்சு இருக்கும். கற்றுக்கொள்ள நல்ல செட். மோட்டார் அரத்துக்கு இப்போதே போக வேண்டாம். அது சூடேறினால் பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள மென்சதையான உயிர்க்கூழ் கெடும். கை பழகாதவர் தேவைக்கு மேல் ராவிவிடுவார்.

காசு கொடுக்குமுன் ஸ்பெக்குலத்தைத்தான் நன்றாகப் பாருங்கள். முழுக்க விரித்து, முன்பற்களைத் தாங்கும் இரண்டு தட்டுகளையும் முழு பலத்தோடு அழுத்துங்கள். விரித்த அளவில் நிறுத்திப் பிடிக்கும் பூட்டுப் பல் ஒரு முறை வழுக்கினாலும் வாங்காதீர்கள். குதிரை வாயில் மாட்டும்போது இரு பக்கமும் பூட்டுப் பல் ஒரே எண்ணிக்கையில் ஏற வேண்டும். ஒரு பக்கம் கூடினால் தாடை கோணலாக இழுபடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் ஸ்பிரிங்கும் ரிவெட்டும்தான் முதலில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். தோல் வாரில் ஐப்பசி மழைக்குப் பூஞ்சை ஏறிவிடும். நைலான் வார் கேட்டு வாங்குங்கள்.

நேர்த்தலை அரத்தில் குறை இல்லை. குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மி.மீ. வரை வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் மேல்பற்களின் கன்னப்பக்க விளிம்பும் கீழ்ப்பற்களின் நாக்குப்பக்க விளிம்பும் தேயாமல் கூராகும். நம் டெல்டாவில் மேய்ச்சல் குறைந்து, தவிடும் ஊறவைத்த கொள்ளும் கூடும்போது தாடை அகலமாக அசையாது. கூர் சீக்கிரம் ஏறும். அந்தக் கூர் விளிம்பை மட்டும் ராவி எடுங்கள். மெல்லும் பரப்பு சொரசொரப்பாகவே இருக்க வேண்டும். வழவழவென்று ராவினால் வைக்கோல் அரைபடாது.

கோணத்தலை அரம்தான் ஏமாற்றம். தலை தடிமன். மேல் கடைசிப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே நுழையாது. வாயை அகல விரித்தால் கீழ்த்தாடை எலும்பு முன்னால் வந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். ஸ்பெக்குலத்தை ஓரிரு பூட்டுப் பல் தளர்த்தினால் வழி கிடைக்கும். கீழ் கடைசிப் பல்லில் வளரும் கொக்கிக்கு மெல்லிய தலையுள்ள அரம் தனியாக வாங்கியே ஆக வேண்டும். பிளேடை, இழுக்கும்போது வெட்டுகிற மாதிரி மாட்டுங்கள். தள்ளும்போது வெட்டினால் கை தவறி தொண்டைப்பக்கச் சதையில் குத்தும்.

செட் கையில் இருப்பதாலேயே தனியாகத் தொழில் தொடங்கிவிட முடியாது. 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, சிகிச்சை என்பது பதிவுபெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. சைலசின் போன்ற மயக்க ஊசியும், ஓநாய்ப் பல் (முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் முளைக்கும் சின்னப் பல்) பிடுங்குவதும் அவருடையவை. பட்டம் இல்லாதவர் அவர் மேற்பார்வையில் உதவியாளராகவே நிற்கலாம். ஊசி போடாமல் ஸ்பெக்குலம் மாட்டினால், குதிரை தலையை வீசும் ஒரு வீச்சில் அந்த இரும்பு உங்கள் முகத்தைப் பெயர்த்துவிடும். மயக்கம் முழுதாகத் தெளியும்வரை தீனி வைக்கக் கூடாது, உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும்.

கார்பைடு பிளேடு சிமென்ட் தரையில் விழுந்தால் விளிம்பு சிதறும். மாற்று பிளேடும் அதற்கான திருகும் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேறு செட் பாருங்கள்.