கொளத்தூரில் வாங்கிய கூலி லோச்

சென்னை கொளத்தூரில் ஒரு சின்ன வண்ணமீன் கடையில் கூலி லோச் என்ற, பாம்பு போல நீண்ட சின்ன மீன் ஆறு வாங்கினேன். எல்லாவற்றுக்கும் மீசை முழுதாக இருந்தது. வாங்கும்போது அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொட்டி அடியில் கூரான சரளை போட்டால் அந்த மீசை காயப்படும், மெல்லிய மணல்தான் சரி. கடைக்காரர் சரளையை விற்பதிலேயே குறியாக இருந்தார்.

இதே பேரினத்தில் 2019-ல் கோழிக்கோடு பக்கத்துக் கிணற்று மீன் ஒன்றைப் புதிய இனமாக அறிவித்தார்கள்: பாஞ்சியோ புஜியா. நிலத்தடி நீரில் வாழ்வது, முதுகுத் துடுப்பே கிடையாது. அது விற்பனைக்கு வருமா என்று கடைக்காரரிடம் சும்மா கேட்டேன். "கிணத்துல இறங்கிப் பாருங்கண்ணே" என்றார்!

கூலி லோச் பகலில் ஒளிந்துகொள்ளும், விளக்கை அணைத்த அப்புறம்தான் ஆட்டம். பையில் ஆக்ஸிஜன் நன்றாக அடைத்துத் தந்தார், தாம்பரம் வரை தாங்கியது. தொட்டிக்கு மூடி இல்லாதவர்கள் வாங்க வேண்டாம், வெளியே வந்துவிடும்.